சிவப்பு எழுத்து யாருக்கு?

ஒரே ஏட்டுக்குள் இரண்டு குரல்கள் இருப்பதுண்டு. ஒன்று படிக்கிறவரிடம் பேசுகிறது. மற்றது அந்த ஏட்டைக் கையாளும் பணியாளரிடம் பேசுகிறது: இங்கே நில், இந்தப் பெயரை எடுத்து வை, இன்ன நாளானால் இந்தப் பகுதியை விட்டுவிடு. பணியாளர் சொன்னதைச் செய்து முடித்தவுடன் இரண்டாம் குரல் மறைந்துபோகும். படிக்கிறவர் கைக்கு வந்து சேர்வதில் அதன் சுவடு இருக்காது. அப்படி மறைகிற குரல் அந்த ஏட்டின் பகுதிதானா? மறையும்வரை அது ஏட்டின் ஒழுங்குக்குக் கட்டுப்பட வேண்டுமா? கட்டுப்பட்டுவிட்டால் மட்டும் அதன் வேலை நல்ல வேலை ஆகிவிடுமா?

இணையப் பக்கங்களுக்கு நிரல் எழுதிப் பிழைக்கிறவன் நான். தூத்துக்குடிக் கடற்கரையில் ஓர் ஊரில், உபதேசியார் மகனாக, கோயில் பீடத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவன். இந்தக் கேள்விகள் இரண்டு பக்கமிருந்தும் என்னிடம் வந்தன. நிரல்காரர்களின் சில்லறைச் சண்டையாக என்னால் இவற்றை ஒதுக்க முடியவில்லை.

நெல்லைப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்துக்கு நூற்பட்டியல் பக்கம் எழுதினேன். அந்தக் கோப்பைத் திறந்தால் மேலே தலைப்பு, அடுத்து ஓர் அட்டவணை, அதற்குள் வரிசைகள். எல்லாம் எச்டிஎம்எல் டேகுகள், அதாவது பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் குறிகள். நடுவில் ஓரிடத்தில் திறக்கும் கோணக்குறி, அதை ஒட்டி ஒரு கேள்விக்குறி, அதை ஒட்டி பிஎச்பி என்ற மூன்றெழுத்து. அங்கிருந்து மொழியே மாறிவிடும். தரவுத்தளத்தைத் திற, ஒவ்வொரு நூலாக எடு, பெயரையும் ஆசிரியரையும் அச்சிடு, தீர்ந்ததும் நிறுத்து. பிறகு இன்னொரு கேள்விக்குறி, மூடும் கோணக்குறி. மறுபடி அட்டவணை தொடரும். சர்வர் இந்தக் கோப்பை மேலிருந்து படித்துக்கொண்டே வரும். குறிகளுக்கு வெளியே இருப்பதை அப்படியே அனுப்பும். உள்ளே இருப்பதைச் செய்யும். மாணவியின் உலாவிக்குப் போய்ச் சேர்வது நூற்பெயர்கள் மட்டுமே. மூடும் குறிக்கு அடுத்தபடி வருகிற ஒரு வரிமுறிவைக்கூட பிஎச்பி விழுங்கிவிடுகிறது. கட்டளை இருந்த இடத்தில் ஒரு வெற்று வரிகூட மிஞ்ச வேண்டாம் என்கிற கவனம் அது. அந்தச் சிறு விதியைக் கையேட்டில் முதலில் படித்த அன்றே இந்த மொழியின்மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டாயிற்று.

கட்டளையை எங்கே ஒளித்து வைப்பது என்பதில் ஆரம்பத்திலேயே தடுமாற்றம் இருந்தது. கிரீன்லாந்தில் பிறந்த ரஸ்மஸ் லெர்டார்ஃப் 1994இல் தன் சொந்தப் பக்கத்துக்காகச் செய்துகொண்ட சில கருவிகள்தான் பின்னால் பிஎச்பி ஆயின. 1995இல் அவர் கட்டளைகளைப் பக்கத்துக்குள்ளேயே எழுத வழி செய்தபோது, எச்டிஎம்எல் குறிப்புரை இருக்கிறதே, உலாவி கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகும் பகுதி, அதற்குள்தான் எழுத வேண்டியிருந்தது. பிறகுதான் கோணக்குறியும் கேள்விக்குறியும் சேர்ந்த வடிவம் வந்தது. அந்த வடிவம் அவர் கண்டுபிடித்ததல்ல. 1986இல் ஐஎஸ்ஓ 8879 என்ற எண்ணில் தரமாக்கப்பட்ட எஸ்ஜிஎம்எல் என்ற ஏட்டுக்குறி மொழியிலேயே, ஏட்டைக் கையாளும் நிரலுக்குச் சொல்லும் கட்டளைக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். 1998 பிப்ரவரியில் அதன் எளிய வடிவமாக எக்ஸ்எம்எல் வந்தபோது அந்த இடம் அதற்குள்ளும் வந்தது.

குறிப்புரைக்கும் கட்டளைக்கும் எக்ஸ்எம்எல் வகுத்திருக்கும் வேறுபாட்டை நான் பலமுறை திரும்பிப் படித்திருக்கிறேன். குறிப்புரையை ஏட்டைப் படிக்கும் கருவி அடுத்தவருக்குக் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். அதைத் தூக்கி எறிந்தாலும் குற்றமில்லை. கட்டளை அப்படியில்லை. அது ஏட்டின் உரையில் சேராது. ஆனால் உரியவரிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கட்டாயம். உரையில் சேராதது, ஆயினும் தொலைக்கக் கூடாதது. ஒரு குழு உட்கார்ந்து எழுதிய தொழில்நுட்ப விதி என்றாலும், தத்துவக்காரர்கள் நெடுநாள் தேடிய ஒரு நிலையை இது தொட்டுவிட்டதாக எனக்குப் படுகிறது. உடலின் உறுப்புகளை எண்ணும்போது எண்ணிக்கையில் வராது. விட்டுவிட்டால் உடல் நடக்காது.

இதனால் ஒரே கோப்பை இரண்டு பேர் படிக்க முடிகிறது. எக்ஸ்எம்எல் தெரிந்த ஒரு கருவி அந்தக் கோப்பைத் திறந்தால், தலைப்பு, அட்டவணை, வரிசை என்று ஒரு மரம்போல அதைப் பார்க்கும். நடுவில் இருக்கும் கட்டளையை ஒரு கணுவாகக் கண்டு, இது எனக்குச் சொன்னதல்ல என்று பத்திரமாக வைத்துவிட்டு மேலே போகும். பிஎச்பி திறந்தால் அந்தக் கட்டளைதான் அதற்குக் கண்ணில் படும். மற்றதெல்லாம் அதற்கு அர்த்தமில்லாத எழுத்துக்கோவை. இருவரும் ஒருவர் வேலையில் ஒருவர் குறுக்கிடுவதில்லை. பிஎச்பியைப் போலவே பக்கத்துக்குள் கட்டளை எழுத வைக்கும் மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி 1996இல் கேள்விக்குறிக்குப் பதிலாக விழுக்காட்டுக் குறியைப் பிடித்துக்கொண்டது. அதற்கு எக்ஸ்எம்எல்லில் இடமே கிடையாது. அப்படி எழுதிய கோப்பை எக்ஸ்எம்எல் கருவி முதல் கட்டளையிலேயே தள்ளிவிடும். பிஎச்பியும் ஒரு காலத்தில் அந்தக் குறியை அனுமதித்திருந்து, 2015இல் வந்த ஏழாம் பதிப்பில் எடுத்துவிட்டது. அது நல்ல முடிவு.

இதே இரண்டு குரல்கள் எங்கள் கோயிலிலும் இருந்தன. திருப்பலிக்கு முன்னால் திருப்பலி நூலில் நாடா வைத்துக் கொடுப்பது அப்பாவின் வேலை. அன்றைய நாளுக்குரிய மன்றாட்டு எந்தப் பக்கம், எந்த முகவுரை, எந்த நற்கருணை மன்றாட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற நாடா. அருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் பீடச்சிறுவன் நான். பக்கம் முழுக்க இரண்டு நிறத்தில் எழுத்து. கறுப்பில் இருப்பதைச் சாமியார் சத்தமாகச் சொல்வார். சிவப்பில் இருப்பதைச் சொல்லவே மாட்டார். கைகளை விரிக்கிறார், குனிகிறார், பாத்திரத்தைச் சற்று உயர்த்துகிறார். அதெல்லாம் சிவப்பில் எழுதியிருப்பவை என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. ஒருநாள் சிவப்பு எழுத்துகளை நான் எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தபோது அப்பா என் தோளைத் தட்டினார். “சிவப்பு எழுத்து வாய்க்கு இல்லலே, கைக்கு” என்றார்.

இறையியல் கல்லூரிகளில் இதையே கறுப்பைச் சொல், சிவப்பைச் செய் என்று சொல்லிக்கொடுப்பார்கள். திரெந்து சங்கத்துக்குப் பின் 1570இல் ஐந்தாம் பயஸ் வெளியிட்ட திருப்பலி நூலிலும் இதே இரு நிறம்தான். அதற்கு முந்தைய கையெழுத்துப் படிகளிலும் இந்த வழக்கம் உண்டு. அந்தச் சிவப்பு எழுத்துகளை இப்போது நிரல்காரனின் கண்ணோடு படிக்கும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை. தவக்காலத்திலும் திருவருகைக்காலத்திலும் உன்னதங்களிலே பாடலை விட்டுவிடு. தவக்காலத்தில் அல்லேலூயாவுக்குப் பதிலாக வேறொரு வாழ்த்தொலி. இறந்தவர்களுக்கான திருப்பலியானால் இந்த இடத்தில் இந்தச் சொற்களைச் சேர். எல்லாம் நிபந்தனைக் கட்டளைகள். நற்கருணை மன்றாட்டில் திருத்தந்தைக்காகவும் ஆயருக்காகவும் வேண்டும் இடத்தில் பெயர் இருக்காது. லத்தீன் நூலில் அங்கே ஒற்றை எழுத்து நிற்கும். பெயரை அந்தந்த நாளில் பூசை செய்கிறவர் நிரப்ப வேண்டும். உலகம் முழுவதும் ஒரே நூல், ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் வேறு ஆயர் பெயர்.

2005 ஏப்ரல் 2ஆம் நாள் இரண்டாம் யோவான் பவுல் மறைந்தார். 19ஆம் நாள் வரை புதிய திருத்தந்தை இல்லை. அந்த நாட்களில் எங்கள் பங்குத்தந்தை அந்த இடத்துக்கு வந்ததும் திருத்தந்தையின் பெயரைச் சொல்லாமல் நேரே ஆயர் பெயருக்குப் போனார். 2025இல் பிரான்சிஸ் மறைந்த ஏப்ரல் 21க்கும் பதினான்காம் லியோ தெரிந்தெடுக்கப்பட்ட மே 8க்கும் நடுவிலும் அப்படியே. பின்வரிசையில் இருந்த பலருக்கு அது காதில் பட்டிருக்காது. எனக்கு நெஞ்சில் பட்டது. நிரப்ப வேண்டிய மதிப்பு இல்லாதபோது என்ன செய்வது என்று யோசிக்காத நிரல், வெறுமையை அச்சிடும் அல்லது உடைந்து நிற்கும். இந்த மன்றாட்டோ ஒரு சொல்லைத் தாண்டி, உடையாமல் போயிற்று.

கட்டளை வாய்க்கு வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இரண்டு இடங்களிலும் பார்த்திருக்கிறேன். வாசக நூலில் வாசகத்துக்கு மேலே அதன் சாரத்தை ஒரே வரியில் கொடுத்திருப்பார்கள், படிக்கிறவர் புரிந்துகொள்வதற்காக. புதிதாக மேடையேறும் இளைஞர் பதற்றத்தில் அதையும் சேர்த்து வாசித்துவிடுவார். யாருக்கும் பெரிய நட்டமில்லை. சர்வரில் நிலைமை வேறு. பிஎச்பி ஓடாமல் போய்விட்டால் கோப்பு அப்படியே வெளியே போகும். உலாவி அந்தக் கட்டளையை ஏதோ குறிப்புரை என்று நினைத்து மறைக்கப் பார்க்கும். ஆனால் முதல் மூடும் கோணக்குறி வந்த இடத்தோடு மறைப்பு முடிந்துவிடும். பிஎச்பியில் ஒரு பொருளின் பண்பைக் குறிக்கும் அம்புக்குறியிலேயே அந்தக் கோணக்குறி இருக்கிறது. அங்கிருந்து மிச்சமெல்லாம் பக்கத்தில் கொட்டும். தரவுத்தளக் கடவுச்சொல் அதில் இருந்தால் அதுவும். எக்ஸ்எம்எல் விதிப்படி படிக்கிற கருவியானால் கேள்விக்குறியும் கோணக்குறியும் சேர்ந்து வரும்வரை மூடியே வைத்திருக்கும். ஒழுங்கு தெரிந்த வாசகர் முன்னால் கட்டளையின் மறைவு காப்பாற்றப்படுகிறது. ஒழுங்கு தெரியாதவர் முன்னால் கலைகிறது.

என் பழைய அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் வீட்டில் கிருஷ்ண யஜுர் வேதம், அதில் தைத்திரீய சாகை என்ற கிளை. தமிழ்நாட்டில் வேதம் ஓதும் குடும்பங்களில் மிகப் பலவும் அந்தச் சாகைதான். சிவப்பு எழுத்தைப் பற்றி நான் சொன்னபோது அவர் சொன்னது என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. யஜுர் வேதத்தில் இரண்டு மரபுகள். சுக்ல யஜுர் வேதத்தில் மந்திரங்கள் தனியாக ஒரு தொகுப்பு, சடங்கைச் செய்யும் முறையும் விளக்கமும் சதபத பிராமணம் என்று தனி நூல். கிருஷ்ண யஜுர் வேதத்தில் மந்திரமும் விதியும் விளக்கமும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அந்தக் கலப்பை அப்படியே, விதிப்பகுதியையும் சேர்த்து, சுரம் பிசகாமல் மனப்பாடம் செய்து ஓதுகிறார்கள். எங்கள் நூலில் சாமியார் வாயால் சொல்லக் கூடாத பகுதி, அங்கே நாவில் ஏறி வேதமாகவே நிற்கிறது.

வேத வாக்கியங்களுக்குப் பொருள் கொள்ளும் முறையை ஆராய்ந்த மீமாம்சகர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். ஜைமினியின் வழியில் வந்தவர்களுக்கு வேதத்தின் உயிர்நாடி விதிவாக்கியம்தான்: இதைச் செய் என்று சொல்லும் வாக்கியம். புகழ்ந்து சொல்வதும் கதை சொல்வதும் அந்த விதிக்குத் துணை நிற்கும் அளவுக்குத்தான் பெறுமதி உள்ளவை. அதாவது கட்டளைதான் ஏடு, மற்றது அதைச் சுற்றிய உரை. எக்ஸ்எம்எல் சொல்வதற்கு இது நேர் எதிர். திருப்பலி நூல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: அச்சில் உண்டு, ஒலியில் இல்லை.

இந்த மூன்றில் எது சரி என்று கேட்டால், ஏடு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பேன். பீடத்தில் நிற்கிறவருக்குச் சிவப்பு எழுத்து நூலின் பகுதி. அவர் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர். பெஞ்சில் மண்டியிட்டிருக்கும் மூதாட்டிக்கு அது பகுதியல்ல; அவர் அதற்கு எந்தக் கணக்கும் சொல்ல வேண்டியதில்லை. சர்வருக்குக் கட்டளை கோப்பின் பகுதி. நூல் தேடி வந்த மாணவிக்கு அல்ல. இதில்தான் என் முழு வாதமும் தொங்குகிறது. ஒழுங்கின் சுமை யார் தலையில் விழவேண்டும் என்பது இதிலிருந்துதான் முடிவாக வேண்டும்.

ஏட்டின் ஒழுங்கு என்றால் என்ன? எக்ஸ்எம்எல்லில் திறந்த டேகை மூடியாக வேண்டும். உள்ளே திறந்ததை உள்ளேயே மூட வேண்டும். பண்புகளின் மதிப்பை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். அந்த மேற்கோளுக்குள் திறக்கும் கோணக்குறி வரவே கூடாது. கடைசி விதியில்தான் எங்களைப் போன்றவர்கள் நிதமும் முட்டிக்கொள்கிறோம். ஓர் இணைப்பின் முகவரியைக் கட்டளையால் நிரப்ப வேண்டுமானால், முகவரிக்கான மேற்கோளுக்குள் பிஎச்பி கட்டளையை எழுதுவதுதான் எல்லோரும் செய்வது. அப்படி எழுதிய கணமே கோப்பு எக்ஸ்எம்எல்லாக இருப்பது முடிந்துவிடுகிறது. வெளியே போகும் பக்கம் ஒழுங்காக இருக்கும். மூலக் கோப்பு ஒழுங்கு கெட்டிருக்கும்.

நேர்மாறாகவும் நடக்கும். ஒரு நிபந்தனைக்குள் ஒரு டேகைத் திறந்து, கீழே வேறொரு நிபந்தனைக்குள் அதை மூடலாம். மூலக் கோப்பைப் பார்த்தால் திறந்ததும் மூடியதும் கணக்காக இருக்கும். ஒரு குறிப்பிட்ட நாளில் முதல் நிபந்தனை உண்மையாகி இரண்டாவது பொய்யானால், வெளியே போகும் பக்கம் மூடாத டேகோடு போகும். கோப்பு எத்தனை அழகாக இருந்தும் பயனில்லை. 1953இல் ஹென்றி ரைஸ் வெளியிட்ட தேற்றத்தின்படி, ஒரு நிரல் ஓடும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பது பற்றிய எந்த உருப்படியான கேள்விக்கும், எல்லா நிரல்களுக்கும் பொருந்துமாறு பதில் சொல்லும் பொது வழிமுறை கிடையாது. இந்தப் பக்கம் எந்த நாளிலும் ஒழுங்காகத்தான் வெளியே போகுமா என்பதும் அப்படிப்பட்ட ஒரு கேள்விதான். எழுத்தைப் பார்த்தே எல்லா நிரலின் செயலுக்கும் உத்தரவாதம் கொடுக்க முடியாது என்பது இங்கே கணிதமாகவே நிற்கிறது.

இதற்கு ஒரு மாற்று உண்டு. 1999இல் ஜேம்ஸ் கிளார்க் தொகுத்த எக்ஸ்எஸ்எல்டி மொழியில் கட்டளையே எக்ஸ்எம்எல் டேகுதான். அது எழுத்துகளை ஒட்டுப்போடுவதில்லை. மரத்தை வாங்கி மரத்தைக் கட்டுகிறது. அதனால் வழக்கமான முறையில் எழுதினால் திறந்த டேக் மூடாமல் போக வழியில்லை. குடியேறிய கட்டளை, வீட்டின் இலக்கணத்தையே தன் இலக்கணமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. எனக்கு அந்த மொழியின்மேல் அன்பு உண்டு. ஆனால் அதுவும் வடிவத்துக்குத்தான் காவல். தவறான நூலின் பெயரைச் சரியான டேகுக்குள் வைத்து அனுப்பினால் அது தடுக்காது.

எக்ஸ்எம்எல்லை வகுத்தவர்கள் ஒழுங்கின் காவலைக் கடைசியில் எங்கே வைத்தார்கள் என்று பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒழுங்கு ஓரிடத்தில் தவறினால் படிக்கும் கருவி தன் வழக்கமான வேலையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்றார்கள். உலாவியில் அதன் விளைவு எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு பதிப்பகத்தின் தளத்தில் பார்த்தேன். பட்டியலில் எங்கோ ஒரு நூலின் பெயரில் ‘மற்றும்’ என்பதற்கான & குறியை அப்படியே தட்டச்சிட்டிருந்தார்கள். எக்ஸ்எம்எல்லில் அந்தக் குறி தனியாக நிற்கக் கூடாது. கோப்பில் பிழை இல்லை. கட்டளை கொண்டுவந்த சரக்கில் பிழை. பட்டியல் வரவில்லை. ஃபயர்ஃபாக்ஸில் மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் ஒரு பிழைச்செய்தி வந்தது. அந்தச் சிவப்பு எழுத்து அன்று வாசகர் முகத்துக்கு நேரே நின்றது. பக்கத்தை எழுதியவர் அப்போது எங்கோ வேறு வேலையில் இருந்திருப்பார்.

கத்தோலிக்கத் திருச்சபையில் இதற்கு இணையான ஒன்று நடந்தது. திருமுழுக்கு கொடுக்கும்போது, நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன் என்று குரு ஒருமையில் சொல்ல வேண்டும். சில இடங்களில் சமூகம் முழுவதும் சேர்ந்து கொடுப்பதாகக் காட்டும் நல்லெண்ணத்தில், நாங்கள் என்று மாற்றிச் சொன்னார்கள். 2020 ஆகஸ்டில் வத்திக்கானின் நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயம், அப்படிக் கொடுத்த திருமுழுக்கு செல்லாது என்று அறிவித்தது. திருமுழுக்கு அளிப்பவர் கிறிஸ்து. குரு அவர் பேரால் பேசுகிறார். கூட்டம் அந்த இடத்தில் நிற்க முடியாது என்பது காரணம். அந்தக் காரணத்தை நான் மனமார ஏற்கிறேன். அதே மாதம் அமெரிக்காவில் டிட்ராய்ட் உயர் மறைமாவட்டத்தில் ஓர் இளங்குரு, தன் குழந்தைப் பருவத்துத் திருமுழுக்கின் வீடியோவைப் பார்த்து, தன்மேல் சொல்லப்பட்டது தவறான சொல் என்று கண்டு, மறுபடி திருமுழுக்கும் குருப்பட்டமும் பெற வேண்டியிருந்தது. 2022 தொடக்கத்தில் அரிசோனாவின் பீனிக்ஸ் மறைமாவட்டத்தில் ஒரு குரு பல ஆண்டுகள் இப்படியே கொடுத்து வந்தது தெரியவந்து, ஆயிரக்கணக்கானோரின் திருமுழுக்கு கேள்விக்குள்ளானது. அந்தத் திருமுழுக்கின்மேல் கட்டிய மற்ற அருளடையாளங்களும் சேர்ந்து ஆடின.

அந்த மனிதர்கள் என்ன பிழை செய்தார்கள்? குழந்தைகளாகக் கைகளில் கிடந்தார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவர் வேறொருவர். ஆயினும் ஒரு சொல்லின் விலையை அவர்கள் தலையில் கட்ட வேண்டியதாயிற்று. வடிவம் தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. தன் விருப்பப்படி எவரும், குருவே ஆனாலும், வழிபாட்டில் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் சொன்னது இதைத்தான் தடுக்க. என் தந்தை நாடாவை ஒரு பக்கம் தள்ளி வைக்காமல் இருந்ததும் இதற்காகத்தான். ஆனால் அதே திருச்சபையின் மறைக்கல்வியில் இன்னொரு போதனையும் இருக்கிறது: கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு கட்டியிருக்கிறார், அவரோ தம் அருளடையாளங்களால் கட்டப்பட்டவரல்லர். கட்டளை பணியாளரைக் கட்டும், ஆண்டவரைக் கட்டாது. வடிவம் கெட்டபோது பெறுகிறவரைக் கைவிடாத ஒருவர் அந்தப் பக்கம் இருக்கிறார் என்ற நம்பிக்கை இல்லையென்றால், இத்தனை கறாரான வடிவத்தை நான் தாங்கியிருக்க மாட்டேன்.

இணையத்தில் அந்த இரண்டாவது போதனைக்கு இடம் வைக்காமல் முதலாவதை மட்டும் வைத்தார்கள். அதனால் அது நிற்கவில்லை. எச்டிஎம்எல்லை எக்ஸ்எம்எல்லின் ஒழுங்கில் எழுதும் எக்ஸ்எச்டிஎம்எல் 2000இல் வந்தது. அதைச் சரியான வகைப்பெயரோடு அனுப்பினால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2011இல் ஒன்பதாம் பதிப்பு வரும்வரை காட்டவே காட்டாது. ஆகவே பெரும்பாலானோர் எக்ஸ்எச்டிஎம்எல் என்று எழுதிவிட்டுச் சாதாரண எச்டிஎம்எல் என்ற பெயரில் அனுப்பினார்கள். உலாவியும் பழைய தாராளத்தோடு படித்தது. வடிவம் இருந்தது, அதைச் சோதிப்பவர் இல்லை. 2009 ஜூலையில் எக்ஸ்எச்டிஎம்எல் இரண்டாம் பதிப்புக் குழுவைத் தொடரப்போவதில்லை என்று, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அறிவித்தது. அதன் இடத்துக்கு வந்த எச்டிஎம்எல்5, ஒழுங்கு கெட்ட ஏட்டையும் எப்படிப் படிப்பது என்று உலாவிக்கு வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தது. பிழையைப் பொறுப்பதற்கே ஒரு விதி எழுதினார்கள். தாராளத்துக்கும் இலக்கணம் உண்டு என்று அதில் கற்றேன்.

அதைக் காரணமாக வைத்து, இனி ஒழுங்கே வேண்டாம் என்று முடிவுகட்டியவர்கள் என் தொழிலில் அதிகம். அவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. பெறுகிறவருக்குக் காட்டும் பொறுமையை எழுதுகிறவர் தனக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. உலாவி மன்னிக்கும் என்பதால் மூடாமல் விடுகிற டேக், கடவுள் இரக்கமுள்ளவர் என்பதால் சொல்லை மாற்றிக்கொள்கிற குருவின் வேலைதான். இரண்டிலும் இரக்கம் எவருக்காக வைக்கப்பட்டதோ அவரிடமிருந்து அது களவாடப்படுகிறது.

இப்படி உரையும் கட்டளையும் கலந்த டெம்ப்ளேட் எழுத உட்காரும் தம்பி தங்கைகளிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். கட்டளையை அதற்கென்று ஒதுக்கிய குறிக்குள் எழுதுங்கள். முகவரியையும் பண்பையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொண்டு, மரத்தைக் கட்டும் கருவி கிடைத்தால் அதைக் கொண்டே கட்டுங்கள். தரவுத்தளத்திலிருந்து வரும் ஒவ்வொரு பெயரையும், & குறியையும் கோணக்குறியையும் மாற்றெழுத்தாக்கிய பிறகே வெளியே விடுங்கள். மதிப்பு இல்லாத நாளில் என்ன செய்வது என்பதை முதல் நாளே எழுதிவையுங்கள். அனுப்புவதற்கு முன்னால் பக்கத்தை உங்கள் சர்வரிலேயே எக்ஸ்எம்எல்லின் கறார்க் கண்ணால் சோதியுங்கள். பிழை இருந்தால் அது உங்கள் பதிவேட்டில், உங்கள் பெயருக்கு நேரே விழட்டும். நூல் தேடி வந்த மாணவிக்கு அந்த ஒரு வரிசை கிடைக்காமல் போனாலும் மற்ற நூல்களெல்லாம் கிடைக்க வேண்டும்.